மாமா என்னை உதைக்கவில்லை

அரியலூரில் ஒரு கல்யாண மண்டபம். சமையல்கட்டுக்குப் பின்னால் நீல நிறத் தண்ணீர் டிரம்கள் நிற்கின்றன. அதில் ஒன்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பாதங்களை இரண்டு பக்கமும் திருப்பி வைத்து, முதுகு வளையாமல் முழங்காலை மெல்ல மடக்குகிறேன். மெல்ல நிமிர்கிறேன். மேலே பட்டுச் சட்டை. கீழே பேண்ட்டை முட்டிவரை சுருட்டிவிட்டிருக்கிறேன். பக்கத்தில் ரசத்துக்குத் தாளிக்கிற வாசனை மூக்கை அரிக்கிறது.

பாலேயில் இதற்கு 'ப்ளியே' என்று பெயர். ஆடுவதற்கு முன்னால் உடம்பை எழுப்பும் முதல் வேலை. உலகத்தில் எந்த மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தாலும், பாலே ஆடுகிறவர்கள் கையில் அகப்பட்ட கம்பியைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் உட்கார்ந்து எழுந்துகொண்டிருப்பார்கள். அரியலூருக்கு மட்டும் அது தெரியாது.

கை கழுவ வந்த பெரியம்மாக்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள்.

"என்னடா பிரபு, வயித்தால போவுதா? பாத்ரூம் அந்தாண்ட இருக்குடா."

"பாவம்டி, அடக்க முடியாம நிக்கிறான் பாரு. சுக்குத் தண்ணி வச்சுத் தரச் சொல்லவாடா?"

இல்லை பெரியம்மா, இது ஆட்டத்துக்கு முன்னால் செய்கிற பயிற்சி என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். என் வாயில் வந்தது வேறு.

"ஆமா பெரியம்மா, காலைலேருந்து ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

பேண்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். வயிற்றுப்போக்கு என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பாலே என்று சொல்லத்தான் நாக்கு எழவில்லை. அன்றைக்கு என்னை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

எண்ணெய் பாட்டில்

இந்தத் தொடரில் கால் உடைந்த கதையைச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் சுற்றி வளைத்துக்கொண்டே இருப்பதாக ஒரு வாசகி கோபித்துக்கொண்டிருக்கிறார். உடைந்தது எலும்பு இல்லை அம்மா, தசைநார். குதிகாலுக்கு மேலே, தொட்டுப் பார்த்தால் கயிறு மாதிரித் தட்டுப்படுமே, அது. அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். ஆனால் உடம்பைச் சூடாக்குவது என்றால் என்ன என்று சொல்லாமல் போனால் கதை புரியாது.

சென்னையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் புதுச்சேரிக்காரர். கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. வகுப்பின் முதல் கால்மணி நேரம் தவறியவனை உள்ளே விடமாட்டார். வெளியே செருப்புகளோடு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் வருமா என்று கேட்பார். வராது. வெயிலில் வைத்தால் தானாக இறங்கும். உங்கள் கால் தசையும் அதுதான், உறைந்த பாட்டிலைத் தரையில் அடித்து உடைக்காதீர்கள் என்பார்.

முதலில் நடை. பிறகு நின்ற இடத்திலேயே மெல்லிய ஓட்டம், நெற்றியில் லேசாக வியர்வை அரும்பும் வரை. பிறகு கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஒவ்வொரு மூட்டாகச் சுழற்ற வேண்டும். அதற்கும் பிறகுதான் ப்ளியே. பாதத்தால் தரையைத் தேய்த்து நீட்டுவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, சின்னத் தாவல், கடைசியாகத்தான் பெரிய தாவல். சூடேறாத காலைப் பிடித்து இழுத்து வளைப்பது வீரம் இல்லை, மடத்தனம். சூடான பிறகு மேடை ஏற நேரமானால் கம்பளிக் காலுறையைக் கழற்றக்கூடாது. உப்புச் சப்பில்லாத விஷயம் மாதிரித் தெரியும். இதைச் செய்தவர்கள் பலர் வயதான பிறகும் ஆடுகிறார்கள்.

எனக்கு இதெல்லாம் தலைகீழாகத் தெரியும். தெரியாமல் செய்தவன் என்றால் இந்த அத்தியாயத்தை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

தாழ்ப்பாள்

எங்கள் வீடு செந்துறையில். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துபோனார். அதற்குப் பிறகு எங்களுக்கு எல்லாம் தங்கராசு மாமாதான். அம்மாவின் தம்பி. பெரம்பலூர்ப் பக்கம் குரும்பலூரில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிறவர். பேச்சில் காரம் உண்டு, கையில் எப்போதும் ஏதாவது தின்பண்டப் பொட்டலம் உண்டு.

என்ஜினியரிங் முடித்துச் சென்னைக்குப் போனவன் கம்ப்யூட்டர் கம்பெனியை விட்டுவிட்டு ஆட்டத்தில் விழுந்ததை நான் ஊரில் சொல்லவே இல்லை. அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவளுக்கும் ஏதோ டான்ஸ் என்கிற அளவுக்குத்தான். ஊருக்கு வரும் நாட்களில் அறையைத் தாழ்போட்டுக்கொண்டு, இரும்புக் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியைப் பிடித்துப் பயிற்சி செய்வேன். குதிக்கும் சத்தம் வெளியே கேட்டுவிடக்கூடாது என்று கீழே மடித்த போர்வை.

"உள்ள என்னடா மாவு ஆட்டுற?" என்று அம்மா வெளியிலிருந்து கேட்பாள்.

"எக்சர்சைஸ்ம்மா."

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு மாமாவின் போனுக்கு யாரோ ஒரு வீடியோவை அனுப்பிவிட்டார்கள். உடம்போடு ஒட்டிய உடையில் நான் மேடையில் பாய்கிறேன். மாமா அடுத்த பஸ்ஸைப் பிடித்துச் செந்துறைக்கு வந்துவிட்டார்.

"ஆடுறது ஆடுற. அந்த டவுசரையாவது கொஞ்சம் தொளதொளன்னு போடக் கூடாதாடா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இங்க பாரு மாப்ள. சம்பந்தி வூட்ல நீ சாப்ட்வேர்ல இருக்கன்னு சொல்லி வச்சிருக்கேன். கயலு கல்யாணம் முடியிற வரைக்கும் ஆட்டம் கீட்டம்னு வாயத் தொறக்காத. அப்பறம் நீ எப்படி வேணா குதி."

கயல் மாமாவின் ஒரே மகள். எனக்கு முறைப்பெண். அம்மா ஒரு காலத்தில் எனக்காகக் கேட்டுப் பார்த்தாள். மாமா பிடிகொடுக்கவில்லை. கயலுக்கும் எனக்கும் அப்படி ஒரு எண்ணம் கிடையாது. சின்ன வயதில் ஒரே தட்டில் சோறு தின்று அடித்துக்கொண்டவர்கள் நாங்கள். ஆனால் ஊர் அப்படியா பார்க்கும்? முறைப்பையன் ஒருவன் இருக்க, வெளியே பெண் கொடுத்தால், அவன் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கவே பாதிப் பேர் கல்யாணத்துக்கு வருவார்கள்.

யார் உதைத்தது?

வரவேற்பு மாலை. மேடையில் கயலும் மாப்பிள்ளையும் நிற்கிறார்கள். ஓரத்தில் பாட்டுக் கச்சேரி. மாப்பிள்ளையின் நண்பர்கள் கையிலும் அந்த வீடியோ இருந்திருக்கிறது. ஒருவன் மைக்கைப் பிடுங்கி, "பொண்ணுக்கு அத்தான் ஒருத்தர் பெரிய டான்சராம், மேடைக்கு வரணும்!" என்று கத்தினான். சுற்றி ஒரே விசில்.

அப்போதுதான் நான் டிரம் பக்கம் ஓடினேன். மேலே சொன்னபடி வயிற்றுப்போக்கு என்று ஒப்புக்கொண்டு திரும்பி வந்தேன். முடியாது என்று மறுத்திருக்கலாம். மறுத்தால், பெண் கிடைக்காத ஏக்கத்தில் முகம் கொடுக்காமல் போகிறான் என்பார்கள் என்று பயந்தேன். எப்படிப் பார்த்தாலும் அடுத்தவர் வாய்க்குப் பயந்த பிழைப்புதான்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். ஏ.சி. காற்றில் பளிங்குத் தரை ஜில்லென்றிருந்தது. மத்தியானத்திலிருந்து நாற்காலியில் உட்கார்ந்தே கிடந்த கால்கள். பாட்டு தொடங்கியது. இரண்டு சுற்றுச் சுற்றினேன், கைதட்டல் வந்தது. கைதட்டல் வந்தால் ஆடுகிறவனுக்குப் புத்தி போய்விடும். பெரிய தாவல் ஒன்று போட்டுவிடலாம் என்று இடது காலைத் தரையில் ஊன்றி உந்தினேன்.

பட்டென்று ஒரு சத்தம். யாரோ பின்னாலிருந்து குதிகாலுக்கு மேலே ஓங்கி ஓர் உதை விட்டார்கள்.

விழுந்த வேகத்தில் திரும்பிப் பார்க்கிறேன். எனக்கு நேர் பின்னால் மாமா. முகம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்.

"மாமா, ஏன் மாமா உதைச்சீங்க?"

பாடகருடைய மைக் என் தலைக்கு மேலே இருந்தது. நான் கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது. பாட்டு நின்றது. மாமா வாயைத் திறந்தார், மூடினார். அப்படியே குனிந்து என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மகள் வரவேற்பை விட்டுவிட்டு, பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் காரில் கிளம்பிவிட்டார்.

வழி நெடுக நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குக் கோபம்.

டாக்டர் என்னைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். பாதம் அசையவில்லை. தசைநார் முழுதாக அறுந்துவிட்டது, ஆபரேஷன் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார்.

"பின்னாடி திரும்பி, யாரு உதைச்சதுன்னு கேட்டீங்களா?"

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"இது அறுந்தா எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஒருத்தரும் உதைச்சிருக்க மாட்டாங்க. சூடு பண்ணாம குதிச்சீங்களா?"

மாமா வெளியே மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அந்தக் கட்டிலோடு பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

மறுக்க மறுக்க வளர்ந்தது

அன்று இரவே அம்மாவிடம் சொன்னேன். அம்மா எல்லாரிடமும் சொன்னாள். சொல்லச் சொல்ல நிலைமை மோசமாகத்தான் போனது. "ஒருத்தரும் தொடாம நரம்பு அறுந்துருமாக்கா?" என்று கேட்டார்கள். வளர்த்த மாமன் பெயரைக் காப்பாற்றப் பையன் மழுப்புகிறான், தங்கமான பையன் என்று எனக்குப் பாராட்டு வேறு.

கல்யாண வீடியோ அதற்கு மேல். மேடையின் முன்னால் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்திருந்ததால் கேமராவில் இடுப்புக்கு மேலேதான் விழுந்திருந்தது. நான் துள்ளுகிறேன். மாமா முறைத்துக்கொண்டு பின்னால் வருகிறார். நான் கீழே போகிறேன். பிறகு என் குரல் கணீரென்று கேட்கிறது. இதைவிடச் சாட்சி வேண்டுமா? பெண் கொடுக்காத மாமன், ஆடிக் காட்டிய முறைப்பையன், ஓர் உதை. கதை ஒழுங்காகப் பொருந்திவிட்டது.

நான் மேடையில் என்னதான் கேட்டிருந்தாலும், 'நான் உதைக்கலை' என்று மாமா ஒரு தரம் சொல்லியிருந்தால் பாதி அடங்கியிருக்கும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் தலையைச் சொறிந்துகொண்டு, "வுடுங்க, நடந்தது நடந்துருச்சு" என்றாராம். அது எனக்குப் புரியவே இல்லை.

வாராவாரம் மாமா செந்துறைக்கு வந்தார். என்னைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டினார், கட்டு நனையாமல் காலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு. அந்த வருடக் கடைசியில் எனக்கு முதல் முறையாக ஒரு முக்கிய வேடம் கொடுத்திருந்தார்கள். அது வேறு ஒருவனுக்குப் போய்விட்டது. அதற்கு அழுதேன். ஆனால் மாமா முதுகு தேய்த்துவிடும்போது வந்த அழுகை அதற்கானது இல்லை.

ஒருநாள் கயல் போன் செய்தாள்.

"அத்தான், இங்க தண்ணி எடுக்கக் குனிஞ்சாக்கூட சிரிக்கிறாங்க. இவ பின்னாடி நிக்காதீங்க, இவங்கப்பாவுக்குக் காலு நீளமாம்னு. அவரும் சேந்து சிரிக்கிறாரு. ஆடிக்கு அழைக்க வந்தா, உதைக்கிற வூட்டுக்கு எப்படி வர்றதுன்னு மாமனாரு கேக்குறாரு. கேலியாத்தான் கேக்குறாரு. ஆனா எனக்குச் சிரிப்பு வரல. நீங்க நேர்ல வந்து சொல்லுங்க."

"சொல்லிட்டேனே கயலு. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க? நரம்பு தானா அறுந்துச்சுன்னு. ஏன் அறுந்துச்சுன்னு சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அதை மட்டும்தான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி விருந்து

ஒருவழியாகச் சம்பந்தி, கயலோடும் மாப்பிள்ளையோடும் குரும்பலூருக்கு விருந்துக்கு வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான், ஆனால் வாயைச் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியாது. சாப்பாடு முடிந்து வெற்றிலையோடு கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் ஜன்னலோரம் கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் தூக்கி வைத்திருந்தேன். கயல் கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, காலு எப்படி இருக்கு? சம்பந்தி இப்ப தள்ளித்தான உக்காந்திருக்காரு, பயப்படாத" என்றார் சம்பந்தி. எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரிக்க முயன்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஐயா, மாமா என்னை உதைக்கல."

"அதான் சொன்னியாமே. தானா அறுந்துச்சுன்னு."

"தானாவும் அறுந்துடல. ஆடுறதுக்கு முன்னாடி கால்மணி நேரம் உடம்ப சூடு பண்ணணும். அதுதான் எங்க தொழில்ல மொதப் பாடம். நான் பண்ணல. அதனால அறுந்துச்சு."

"தெரிஞ்சுமா பண்ணல? நேரமில்லையா?"

"நேரம் இருந்துச்சு."

"அப்பறம்?"

பெரியம்மாக்கள் இருவரும் அங்கேதான் இருந்தார்கள்.

"வெக்கமா இருந்துச்சுங்க" என்றேன். "குந்தி எந்திரிக்கிறதப் பாத்து நீங்கல்லாம் சிரிப்பீங்கன்னு. வயித்துப்போக்குன்னு பொய் சொல்லிட்டு வந்துட்டேன். நான் சாப்ட்வேர்ல இல்ல. ஆடுறதுதான் என் பொழப்பு. அதையும் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் இத்தன வருசமும் மறைச்சேன். மாமா பேரு கெட்டது என் வெக்கத்தால."

என் காது, கழுத்து எல்லாம் எரிந்தது. பெரியம்மா ஒருத்தி மட்டும், "அட ஆமா, டிரம்மப் புடிச்சுக்கிட்டு நின்னான்" என்று முனகினாள். அந்தச் சாட்சி ஒன்றுதான் எனக்கு வாய்த்தது.

"அப்படி என்னப்பா வெக்கப்படுற மாதிரி செய்வீங்க? காட்டு பாப்பம்" என்றார் சம்பந்தி.

கட்டுப் போட்ட காலைப் பார்த்தேன். மாமா எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

"எப்படின்னு சொல்லுடா."

"மாமா, வேணாம்."

"சொல்லுடா."

"குதிகால் ரெண்டையும் சேத்து வைங்க. பாதத்த வெளிய திருப்புங்க. முதுகு வளையக் கூடாது. இப்ப மெதுவா மடக்குங்க."

வெங்காயக் காட்டில் உழைத்த முழங்கால்கள் அத்தனை பேர் முன்னால் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு மடங்கின. வயிறு முன்னால் தள்ளியது. பெரியம்மா குபீரென்று சிரித்தாள். சம்பந்தி சிரிக்கவில்லை. இவ்வளவுதானா என்றார். பஸ்ஸில் நின்று நின்று தேய்ந்த தன் முட்டிக்கு இது கேட்குமா என்று விசாரித்தார். பெரியம்மா தன் இடுப்பைச் சொன்னாள். மாப்பிள்ளை எழுந்து போய்க் கயல் பக்கத்தில் நின்றுகொண்டான். அவரவர் வலியைச் சொல்லக் கூடம் மறுபடி சந்தைக்கடை ஆனது.

அந்தச் சத்தத்தில், ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றபடியே, மாமா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"மாப்ள, அன்னிக்கி உன்ன மேடையில பாத்தப்ப உதைச்சுத் தள்ளணும்னுதான்டா வந்தேன். மனசு முட்ட அதான் இருந்துச்சு. நீ திரும்பி அப்படிக் கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. உதைச்சுட்டேனோன்னு. இல்லன்னு சொல்ல வாய் வரல. இத்தன நாளும் படுத்தா தூக்கமில்ல."

நான் வெட்கப்பட்டதாக இதுவரை எழுதியதெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்த நிமிஷம்தான் வெட்கம்.

"நீங்க தொடவே இல்ல மாமா. சத்தியமா."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, நான் சொல்லாமலேயே, இன்னொரு முறை முழங்காலை மடக்கினார்.